அடுக்குமாடி அல்ல, கல்யாண மண்டபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேகக் கணிமை பற்றி உங்கள் நாளிதழில் வந்த விளக்கக் கட்டுரையில், ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகள் ஓடுவதை அடுக்குமாடிக் குடியிருப்போடு ஒப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வீடு, நடுவே சுவர், அந்தச் சுவரைச் செயலியே எழுப்பிவிடுகிறது என்பது கட்டுரையின் சாரம். நினைவகத்துக்கும் வட்டுக்கும் இந்த ஒப்புமையை ஏற்றுக்கொள்ளலாம். செயலிக்கு இது பொருந்தாது. சிறு பிழைதானே என்று விட முடியாததற்குக் காரணம், சர்வர் வாங்குகிறவர்களும் அதைப் பராமரிக்கிறவர்களும் இதே நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள்.

செயலியின் ஒரு கோர், அதாவது கட்டளைகளைத் தனித்து ஓட்டும் ஓர் அலகு, ஒரே ஒரு கல்யாண மண்டபம். காலை முகூர்த்தக்காரர்கள் இறங்கிய அதே மேடையில்தான் மாலை வரவேற்புக்காரர்கள் ஏற வேண்டும். இரண்டு வீட்டாருக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. இருப்பது சாவி கைமாறும் ஒரு இடைவெளி மட்டும். அந்த இடைவெளியில் மேனேஜர் பாத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு அண்டா, கரண்டி, ஜமக்காளம் என்று எண்ணி வாங்குவார். பட்டியலில் இல்லாத பொருளை யாரும் தேட மாட்டார்கள். மணவறைக்குப் பின்னால் மொய் நோட்டு விட்டுப்போயிருந்தால், அடுத்து வருகிறவர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

கணினியில் இந்தச் சாவி கைமாற்றம் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. மெய்நிகர் கணினியை 'கெஸ்ட்' என்றும், அதை இயக்கும் மூல அமைப்பை 'ஹோஸ்ட்' என்றும் இத்துறையில் சொல்வார்கள். கெஸ்ட் ஓடும்போது கோர் முழுக்க அதன் வசம். இடையில் வட்டைத் தொட வேண்டும், இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீட்டு அழைப்பு) வந்துவிட்டது என்று ஏதாவது நேர்ந்தால் கட்டுப்பாடு ஹோஸ்டுக்குத் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும், செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் இருப்பது யாருடையது என்பதைப் பிரித்து எடுத்து வைக்க வேண்டும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் உள்ளேயிருக்கும் மிக நுணுக்கமான வேலை இதுதான். நான் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மை வைத்துச் சொல்கிறேன். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 பதிப்போடு வந்தது, மூல நிரலை யாரும் திறந்து பார்க்கலாம்.

கொஞ்சம் பின்னணி. ஒரு செயலியை முறையாக மெய்நிகராக்க என்ன தேவை என்பதை 1974 ஆம் ஆண்டிலேயே கணினி அறிவியலாளர்கள் பொபெக்கும் கோல்ட்பெர்க்கும் வரையறுத்துவிட்டார்கள். இன்டெல்லின் எக்ஸ்86 வகை அந்த வரையறையில் தேறவில்லை. ஓர் உதாரணம்: 'பாப்-எஃப்' என்ற கட்டளையைச் சாதாரண நிரல் கொடுத்து இன்டரப்டை நிறுத்தப் பார்த்தால், செயலி பிழை எழுப்பாது, கண்டும் காணாததுபோல் அந்த ஒரு பிட்டை மட்டும் விட்டுவிடும். பிழை எழும்பினால்தானே ஹைப்பர்வைசர் இடையில் புகுந்து கவனிக்க முடியும்? 2005 கடைசியில் இன்டெல்லின் விடி-எக்ஸ் என்ற மெய்நிகராக்க விரிவாக்கமும், 2006 இல் ஏஎம்டியின் விரிவாக்கமும் வந்த பிறகே இந்தச் சிக்கல் நேரடியாகத் தீர்ந்தது. 'செயலியே பிரித்துவிடும்' என்ற நம்பிக்கை பிறந்ததும் அப்போதுதான்.

இன்டெல்லில் மேனேஜரின் பட்டியலுக்குப் பெயர் விஎம்சிஎஸ். அதிகபட்சம் 4 கிலோபைட் அளவுள்ள ஒரு நினைவகத் துண்டு. மெய்நிகர் கோர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கெஸ்டின் நிலைக்கு அதில் ஒரு பகுதி, ஹோஸ்டின் நிலைக்கு ஒரு பகுதி, கட்டுப்பாடுகளுக்கு மீதி. கெஸ்ட் பகுதியைச் செயலி இரு வழியிலும் பார்த்துக்கொள்கிறது: நுழையும்போது ஏற்றும், வெளியேறும்போது சேமிக்கும். ஹோஸ்ட் பகுதி அப்படியல்ல. வெளியேறும்போது அதிலிருந்து ஏற்றுமே தவிர, நுழையும்போது ஹோஸ்டின் நிலையை அதில் சேமிக்காது. முன்கூட்டியே சரியான மதிப்புகளை எழுதி வைப்பது ஹைப்பர்வைசரின் பொறுப்பு. பழைய மதிப்பை எழுதி வைத்திருந்தால் பழைய மதிப்புதான் திரும்ப வரும்.

இதன் விபரீதம் சிஆர்3 ரெஜிஸ்டரில் தெரியும். ஹோஸ்டின் பக்க அட்டவணை (நினைவக முகவரிகளின் வரைபடம்) எங்கே இருக்கிறது என்று சொல்வது அது. கெஸ்டை ஓட்டும் திரெட் (நிரலின் ஓர் ஓட்டம்) நடுவில் ஒதுக்கப்பட்டு மீண்டும் வரும்போது அந்த மதிப்பு மாறியிருக்கலாம். விஎம்சிஎஸ்ஸில் பழையதே கிடந்தால், கெஸ்ட் வெளியேறிய மறுகணம் ஹோஸ்ட் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) தவறான பக்க அட்டவணையில் கண் விழிக்கும். கேவிஎம் இதற்காக ஒவ்வொரு நுழைவுக்கும் முன் தற்போதைய சிஆர்3 மதிப்பைப் பார்க்கிறது. கடைசியாக எழுதியதிலிருந்து மாறியிருந்தால் மட்டும் விஎம்சிஎஸ்ஸில் திருத்தி எழுதுகிறது. சிஆர்4 ரெஜிஸ்டருக்கும் இதே நடைமுறை. ஹோஸ்ட் எங்கிருந்து தொடர வேண்டும் என்ற ஆர்ஐபி முகவரி மாறாதது என்பதால், தொடக்கத்தில் ஒரு முறை எழுதினால் போதும்.

சரி, பட்டியலில் என்னென்ன இருக்கின்றன? ஆர்ஐபி, ஸ்டாக்கின் (நினைவகத்தில் அடுக்காக வைத்து எடுக்கும் இடம்) நுனியைக் காட்டும் ஆர்எஸ்பி, கொடி ரெஜிஸ்டர், சிஆர்0, சிஆர்3, சிஆர்4, செக்மென்ட் ரெஜிஸ்டர்கள், டிஆர்7, சில எம்எஸ்ஆர்கள் (செயலியின் அமைப்பு ரெஜிஸ்டர்கள்). இல்லாதவற்றின் பட்டியல்தான் நீளமானது. பொதுப்பயன் ரெஜிஸ்டர்கள் 16 இல் ஆர்எஸ்பி தவிர்த்த 15, பக்கப் பிழையின் முகவரியைத் தாங்கும் சிஆர்2, டிஆர்0 முதல் டிஆர்3 வரை, டிஆர்6, மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களும், பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வெக்டர் ரெஜிஸ்டர்களும் ஒட்டுமொத்தமாக, எக்ஸ்சிஆர்0, சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) எங்கே போய் இறங்க வேண்டும் என்று சொல்லும் எல்ஸ்டார், அதன் கூட்டாளிகள். இவை எதையும் செயலி தானாக மாற்றாது. கெஸ்ட் வெளியேறும்போது அப்படியே கோரில் கிடக்கும்.

15 ரெஜிஸ்டர்களைப் பிரிக்கும் இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கெஸ்ட் வெளியேறிய முதல் கணத்தில் ஹோஸ்டுக்குச் சொந்தமாக இருப்பது ஆர்எஸ்பி மட்டுமே. மற்ற 15 இலும் கெஸ்டின் சரக்கு. அதை நினைவகத்தில் சேமிக்க வேண்டும். சேமிக்க ஒரு முகவரி வேண்டும். முகவரியை வைக்க ஒரு ரெஜிஸ்டர் வேண்டும். காலியாக ஒன்றுகூட இல்லை. கையில் இரண்டு குடத்தோடு கதவைத் திறக்கிற கதை. கேவிஎம் செய்வது இது: கெஸ்டின் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டர் மதிப்பை ஹோஸ்டின் ஸ்டாக்கில் தள்ளுகிறது. காலியான ஆர்ஏஎக்ஸில், முன்பே ஸ்டாக்கில் போட்டு வைத்திருந்த முகவரியை எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரியைப் பிடித்து மற்ற 14 ரெஜிஸ்டர்களையும் வரிசையாக நினைவகத்தில் எழுதுகிறது. கடைசியாக, ஸ்டாக்கில் தள்ளிய கெஸ்டின் ஆர்ஏஎக்ஸை நேரடியாக அதற்குரிய இடத்தில் பாப் செய்கிறது. நுழையும்போது இதே காட்சி தலைகீழாக ஓடும். முகவரியைத் தாங்கும் ஆர்ஏஎக்ஸில் கெஸ்டின் மதிப்பு கடைசியில்தான் ஏறும், ஏனென்றால் அது ஏறியதும் முகவரி அழிந்துவிடும்.

சேமித்த பிறகும் வேலை முடியவில்லை. ரெஜிஸ்டர்களில் கெஸ்டின் எண்கள் இன்னும் இருக்கின்றன. ஹோஸ்டின் நிரல் அவற்றை முறைப்படி எங்கும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் கேவிஎம், தனக்கு அந்த நேரத்தில் தேவையான ஓரிரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூஜ்யமாக்குகிறது. அடுத்த சில வரிகளில் ஸ்டாக்கிலிருந்து மீட்கப்போகிற ரெஜிஸ்டர்களைக்கூட விடுவதில்லை. அடுத்து என்ன வரும் என்று செயலி ஊகித்து முன்னோக்கி ஓடும்போது கெஸ்ட் வேண்டுமென்றே விட்டுச்சென்ற ஒரு மதிப்பை முகவரியாக எடுத்துக்கொண்டுவிடலாம் என்பதே காரணம். பூஜ்யமாக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். இங்கே சிக்கனம் பார்த்தால் அது கஞ்சத்தனம்.

இந்த இடத்தில் ஒரு சிறு பிட் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கெஸ்டுக்குள் முதல் முறை நுழைய 'விஎம்-லாஞ்ச்', அடுத்தடுத்த முறைகளுக்கு 'விஎம்-ரெஸ்யூம்' என்று இரண்டு கட்டளைகள். எதைக் கொடுப்பது என்ற முடிவை ஒரு ரெஜிஸ்டரில் வைத்திருக்க முடியாது, அவற்றில் எல்லாம் கெஸ்டின் மதிப்புகள் ஏறிவிட்டன. எனவே முன்பே ஒரு சோதனை செய்து, முடிவைக் கொடி ரெஜிஸ்டரின் பூஜ்யக் கொடியில் விட்டு வைத்திருந்தார்கள். ரெஜிஸ்டர்களை ஏற்றும் 'மூவ்' கட்டளை கொடிகளைத் தொடாது என்பதால் இது செல்லுபடியாயிற்று. பிறகு 2019 மே மாதம் வெளியான எம்டிஎஸ் வகைக் கசிவுகளுக்கு மருந்தாக, செயலியின் உள் தாங்கிகளை (பஃபர்களை) துடைக்கும் வேலை 'வெர்-டபிள்யூ' என்ற கட்டளைக்கு வந்தது. அந்தத் துடைப்பை நுழைவுக்கு மிக அருகில், ரெஜிஸ்டர்களை ஏற்றி முடித்த பிறகு வைக்க வேண்டும் என்றபோது வினை வந்தது: வெர்-டபிள்யூ பூஜ்யக் கொடியை மாற்றிவிடும். துடைத்தால் முடிவு அழியும். கடைசியில் 2024 இல் முடிவை வேறொரு கொடிக்கு, கேரி கொடிக்கு, இடம் மாற்றினார்கள். மாற்றியது ஒரே ஒரு பிட்.

இதுவரை சொன்னது ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டாயம் நடப்பது. எல்லாவற்றையும் ஒவ்வொரு திருப்பத்திலும் மாற்றினால் சர்வர் நத்தையாகிவிடும். கெஸ்டிலிருந்து வெளியேறித் திரும்புவதற்கே ஆயிரம் கடிகாரச் சுழற்சிகள் என்ற அளவில் ஆகிறது. எம்எஸ்ஆர் ஒன்றை எழுதுவதும் மலிவான வேலை அல்ல. வெக்டர் ரெஜிஸ்டர்களின் கணக்கு இன்னும் பெரிது. பழைய வடிவம் 512 பைட், தலைப்பு 64, வெக்டர் கட்டளைத் தொகுப்பான ஏவிஎக்ஸுக்கு 256. ஏவிஎக்ஸ்-512 வந்தால் மேலும் 1,600 கூடி இரண்டரை ஆயிரம் பைட்டை நெருங்கும். மேட்ரிக்ஸ் கணக்குக்கான ஏஎம்எக்ஸ் ஓடுகள் இருந்தால் இன்னொரு 8,192. ஆகவே ஒத்திப்போடுதல் என்ற உத்தி. அதில் நல்லதும் உண்டு, ஆபத்தானதும் உண்டு.

நல்லதற்கு எல்ஸ்டார். ஹோஸ்ட் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதில் கெஸ்டின் மதிப்பு இருந்தாலும் பாதகமில்லை; கெர்னல் தனக்குத் தானே சிஸ்டம் கால் கொடுப்பதில்லை, இன்டரப்டுகள் வேறு அட்டவணை வழியாக வருகின்றன. எனவே கெஸ்ட் வெளியேறும் ஒவ்வொரு முறையும் கேவிஎம் அதை மாற்றுவதில்லை. அந்தக் கோரில் ஹோஸ்டின் பயனர் நிரல் ஏதாவது ஓடப்போகிறது என்ற கட்டத்தில்தான் பழைய மதிப்பைத் திருப்பி எழுதுகிறது. அந்தக் கட்டத்தில் எழுதத் தவறினால் என்ன ஆகும்? கெஸ்டைத் தொடங்கி நடத்தும் கியூஎமு போன்ற சாதாரண நிரல் ஒரு சிஸ்டம் கால் கொடுக்கும். செயலி உச்ச அதிகாரத்தோடு, கெஸ்ட் எழுதி வைத்த முகவரிக்குத் தாவும். சர்வர் கவிழும், கவிழாமல் வேறு ஏதாவது நடந்தால் அது அதைவிட மோசம். எப்போது தேவை என்பதை மிகச் சரியாக அறிந்து ஒத்திப்போட்டிருக்கிறார்கள் என்பதே இந்த உத்தியின் அழகு.

வெக்டர் ரெஜிஸ்டர்களும் இப்படியே. கியூஎமு 'கெஸ்டை ஓட்டு' என்று கெர்னலுக்குள் நுழையும்போது கெஸ்டின் வெக்டர் நிலை ஒரு முறை ஏறும். கியூஎமுவுக்கே திரும்பும்போது ஒரு முறை இறங்கும். நடுவில் கெஸ்ட் நூறு முறை வெளியேறி நுழைந்தாலும் அவை அப்படியே இருக்கும், ஏனென்றால் ஹோஸ்ட் கெர்னல் அவற்றைத் தொடுவதாக இருந்தால் அதற்கென்று குறித்த இரண்டு எல்லைக் கோடுகளுக்குள் மட்டும்தான் தொடும். முதல் கோட்டைத் தாண்டும்போதே இருப்பதைச் சேமித்து, 'கெஸ்டுக்குள் போகுமுன் மறுபடி ஏற்று' என்று குறித்து வைத்துவிடும்.

ஆனால் இதற்குத் துணையான எக்ஸ்சிஆர்0 ஒரு முறை சிக்கலில் மாட்டியது. வெக்டர் நிலையில் எந்தெந்தப் பகுதிகள் நடப்பில் உள்ளன என்று சொல்லும் ரெஜிஸ்டர் அது. கேவிஎம் அதில் கெஸ்டின் மதிப்பைச் சற்று முன்கூட்டியே ஏற்றிவிட்டு, சற்றுத் தாமதமாக இறக்கிக்கொண்டிருந்தது. கெஸ்ட் ஓடும்போது வன்பொருள் கோளாறைச் சொல்லும் மெஷின் செக் வந்தால், அதைக் கவனிக்கும் ஹோஸ்டின் நிரல் சில இடங்களில் வேறொரு திரெடுக்கு இடம்கொடுத்துவிடும். அந்த வேறொரு திரெட், சம்பந்தமே இல்லாமல், கெஸ்டின் எக்ஸ்சிஆர்0 மதிப்போடு தன் வெக்டர் நிலையை மீட்க முயன்று பிழையில் விழும். 2019 இல் இதைச் சரிசெய்தபோது புதிய பூட்டு எதையும் போடவில்லை. மாற்றும் வரிகளைத் திரெட் மாறவே வாய்ப்பில்லாத பகுதிக்குள், நுழைவு வெளியேற்றத்தை ஒட்டி நகர்த்தினார்கள். பிரிப்பதில் 'என்ன' என்பதற்கு இணையாக 'எப்போது' என்பதும் முக்கியம் என்று கற்பிக்க இதைவிடப் பாடம் வேண்டாம். நம் கல்லூரிகளில் ஹைப்பர்வைசர் என்றால் முதல் வகை, இரண்டாம் வகை என்று படம் போடுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

பட்டியலில் இருப்பவையாவது முழுசாகத் திரும்புமா என்றால் அதுவும் இல்லை. கெஸ்ட் வெளியேறும்போது செக்மென்ட் அட்டவணையையும் இன்டரப்ட் அட்டவணையையும் காட்டும் ஜிடிடிஆர், ஐடிடிஆர் இரண்டின் தொடக்க முகவரிகளையும் செயலி ஒழுங்காக ஏற்றும்; எல்லை மட்டும் எப்போதும் 65,535. டிஎஸ்எஸ் என்ற பணி நிலைப் பகுதியின் எல்லை எப்போதும் 103. ஹோஸ்ட் முன்பு வைத்திருந்த மதிப்பு என்னவென்று கேட்பதே இல்லை. அண்டா வந்தது, மூடி அளவு மாறிப்போனது. ஐடிடியில் 256 இடங்களுக்குமேல் யாரும் போக முடியாது என்பதால் பாதகமில்லை. ஜிடிடி எல்லையைக் கேவிஎம் தானே திருத்துகிறது. டிஎஸ்எஸ்ஸில் 103 பைட்டுக்கு அப்பால்தான் பயனர் நிரல்களுக்கான ஐ/ஓ அனுமதிப் படம் இருக்கிறது. எல்லை சுருங்கினால் அனுமதி பெற்ற நிரலுக்கும் அனுமதி கிடைக்காது. ஒவ்வொரு முறையும் இதைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும் என்பதால், 'எல்லை கெட்டுவிட்டது' என்று மட்டும் குறித்து வைத்துவிட்டு, அந்த அனுமதி உண்மையிலேயே தேவைப்படும் நிரல் ஓடும்போது திருத்துகிறார்கள்.

கெஸ்டின் மெய்நிகர் கோர் ஓர் உண்மைக் கோரிலிருந்து இன்னொரு கோருக்கு நகரும்போதும் ஒரு பொறி உண்டு. விஎம்சிஎஸ்ஸின் உள்ளடக்கத்தைச் செயலி தன்னிடமே வைத்திருக்கலாம், நினைவகத்தில் இருப்பது பழசாக இருக்கலாம். எனவே பழைய கோரில் 'விஎம்-கிளியர்' கொடுத்த பிறகே புதிய கோரில் ஏற்ற வேண்டும். அதற்காகப் பழைய கோருக்கு இன்டரப்ட் அனுப்பிக் காத்திருப்பார்கள். கிளியர் ஆன பிறகு ரெஸ்யூம் கொடுத்தால் பிழை எண் 5. கிளியர் ஆகாததற்கு லாஞ்ச் கொடுத்தால் பிழை எண் 4. ஜிடிடி, டிஎஸ்எஸ் முகவரிகள் கோருக்குக் கோர் வேறு என்பதால் ஹோஸ்ட் பகுதியில் அவற்றையும் புதிதாக எழுத வேண்டும்.

ஏஎம்டியில் கதை வேறு. அங்கே 'விஎம்-ரன்' கட்டளை ஹோஸ்டின் நிலையில் ஒரு பகுதியைத் தானே சேமித்துக்கொள்ளும். ஆனால் எஃப்எஸ், ஜிஎஸ், டிஆர், எல்ஸ்டார் போன்றவற்றை விட்டுவிடும். அவற்றுக்கு 'விஎம்-சேவ்', 'விஎம்-லோட்' என்று தனி கட்டளைகள். லினக்ஸ் கெர்னல் தன் கோருக்குரிய தரவுகளை ஜிஎஸ் வழியாகத்தான் அடைகிறது. விஎம்-லோட் கொடுப்பதற்கு முன் அப்படி ஒரு தரவைத் தொட்டுவிட்டால், கெஸ்டின் ஜிஎஸ் காட்டும் இடத்துக்குப் போய் விழ வேண்டியதுதான். ஆர்ம் செயலிகளின் முதல் வடிவத்தில் ஹோஸ்ட் லினக்ஸும் கெஸ்டும் ஈஎல்1 என்ற ஒரே அதிகார மட்டத்து ரெஜிஸ்டர்களைப் பங்கு போட்டதால், ஒவ்வொரு திருப்பத்திலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆர்ம் 8.1 பதிப்பு, ஹோஸ்ட் கெர்னல் அதற்கு மேலான ஈஎல்2 மட்டத்திலேயே குடியிருக்க வழிசெய்தது. அதன்பின் கெஸ்டின் ஈஎல்1 ரெஜிஸ்டர்களை அந்தத் திரெட் கோரை விட்டு இறங்கும்வரை தொட வேண்டியதில்லை. உங்கள் கட்டுரையாளர் சொன்ன சுவருக்கு ஓரளவு பக்கத்தில் வருவது இதுதான்.

இனி மொய் நோட்டு. ரெஜிஸ்டர்களை எல்லாம் பிரித்தபின்னும் கோருக்குள் மிஞ்சுபவை இருக்கின்றன: கேச் (வேகமான தற்காலிக நினைவகம்), கிளை ஊகிப்பான் (நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிப்பது), உள் தாங்கிகள். இவற்றுக்குப் பட்டியலே கிடையாது.

2018 ஜூனில் வெளியான சோம்பேறி மிதவைப்புள்ளிக் கசிவில், ஒத்திப்போடுதலின் ஆபத்தான முகம் தெரிந்தது. அப்போது பல இயங்குதளங்களும் ஹைப்பர்வைசர்களும் முந்தையவரின் வெக்டர் ரெஜிஸ்டர்களை அப்படியே விட்டுவிட்டு, புதியவர் தொட்டால் பிழை எழும்பட்டும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கொடியை மட்டும் ஏற்றி வைத்தன. பிழை எழும்பத்தான் செய்தது. எழும்புவதற்கு முன்பே இன்டெல் செயலிகள் ஊகத்தில் அந்த மதிப்புகளை எடுத்துக் கணக்கிட்டன. ஏஇஎஸ் மறைக்குறியீட்டின் சாவிகள் தங்குமிடமே அந்த ரெஜிஸ்டர்கள். எல்ஸ்டாரை ஒத்திப்போட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அங்கே அடுத்த கெஸ்டோ பயனர் நிரலோ ஓடுவதற்கு முன் மாற்றிவிடுகிறார்கள். இங்கே அடுத்தவரை உள்ளே விட்டுவிட்டு, அவர் கை வைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற கசிவு. கெஸ்ட் தன் பக்க அட்டவணையில் 'இல்லை' என்று குறித்த ஒரு பதிவை வைத்து, கோரின் 32 கிலோபைட் எல்1 கேச்சில் இருக்கும் எந்த இயல்முகவரியின் (நினைவகத்தின் உண்மையான முகவரி) தரவையும் ஊகத்தில் படிக்க முடிந்தது. மருந்து: கெஸ்டுக்குள் நுழையும் முன் எல்1 கேச்சைக் காலி செய்வது. ஆனால் ஹைப்பர் திரெடிங் இருந்தால் ஒரே கோரில் இரண்டு திரெடுகள் ஒரே எல்1 கேச்சைப் பகிர்கின்றன. ஒருவர் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் உள்ளே சாமான் இறக்கிக்கொண்டிருப்பார். பெருக்குவது மட்டும் போதாது. ஹைப்பர் திரெடிங்கை அணைக்க வேண்டும், அல்லது ஒருவரையொருவர் நம்பும் திரெடுகளை மட்டும் ஒரே கோரில் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். 2021 இல் லினக்ஸ் 5.14 பதிப்பில் வந்த கோர் ஷெட்யூலிங் அதற்காகத்தான்.

பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2025 செப்டம்பரில் சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'விஎம்-ஸ்கேப்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார்கள். கெஸ்ட் பழக்கி வைத்த கிளை ஊகிப்புகள் ஹோஸ்ட் கெர்னலைத் தொடாதபடி முன்பே தடுத்திருந்தார்கள். கெஸ்டுக்கு அடுத்து ஓடும் கியூஎமுவை, அதாவது ஹோஸ்டின் பயனர் நிரலை, யாரும் அந்த அளவுக்குக் கணக்கில் எடுக்கவில்லை. கெஸ்ட் வெளியேறியபின் முதல் முறை பயனர் நிரலுக்குத் திரும்பும் முன் ஊகிப்பானைத் துடைப்பது என்று லினக்ஸில் திருத்தம் வந்தது. சாவி கைமாறுவது இருவருக்கிடையில் என்று நினைத்திருந்தோம். கெஸ்ட், ஹோஸ்ட் கெர்னல், ஹோஸ்டின் பயனர் நிரல் என்று மூன்று பேர் இருக்கிறார்கள்.

சர்வரைக் கையில் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்ட் லினக்ஸில் 'சிஸ்' கோப்பு மரத்தில் 'டிவைசஸ்', 'சிஸ்டம்', 'சிபியு' என்று இறங்கினால் 'வல்னரபிலிட்டிஸ்' என்ற அடைவு இருக்கும். ஒவ்வொரு பலவீனத்துக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. எல்1டிஎஃப் கோப்பில் 'மிட்டிகேஷன்' என்று வரி தொடங்குவதைப் பார்த்து நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். வரியின் கடைசியில் 'எஸ்எம்டி வல்னரபிள்' என்று இருந்தால், மேலே சொன்ன பக்கத்துத் திரெட் வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். நடுவில் 'கண்டிஷனல் கேச் ஃப்ளஷஸ்' என்று இருந்தால், ரகசியம் கேச்சுக்குள் வந்திருக்கக்கூடிய வழிகளில் போய் வந்தால் மட்டுமே துடைக்கிறது, ஒவ்வொரு முறையும் அல்ல. கேவிஎம் இன்டெல் மாட்யூலின் அளவுருவை 'ஆல்வேஸ்' என்று வைத்தால் ஒவ்வொரு நுழைவிலும் துடைக்கும், வேகம் குறையும். உங்கள் நிறுவனத்தின் கெஸ்டுகள் மட்டும் ஓடும் சர்வரென்றால் நிபந்தனை முறையே போதும் என்பது என் கருத்து. முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் ஓடும் சர்வரில் ஹைப்பர் திரெடிங் பற்றி முடிவெடுக்காமல் இருப்பது தவறு.

செயலியின் உள்நிரலான மைக்ரோகோடைப் புதுப்பித்து ஹோஸ்டை மறுதொடக்கம் செய்தபின், கெஸ்டுக்கும் அந்தப் புதிய வசதி தெரிய வேண்டும். கெஸ்டை இடம்பெயர்த்து வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தால் தெரியாது. கெஸ்டுக்குள் ரீபூட் கொடுத்தாலும் தெரியாது. முழுக்க அணைத்து, கியூஎமு புராசஸ் முடிந்து, புதிதாகத் தொடங்க வேண்டும். செயலி மாதிரியாகப் பழைய பெயர் ஒன்றைக் குறித்திருந்தால் அதிலும் புதிய வசதியின் கொடியைச் சேர்க்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஏவிஎக்ஸ்-512 தெரியும்படி தொடங்கிய கெஸ்டை அது இல்லாத சர்வருக்கு ஓடஓடப் பெயர்த்தால், ஒன்று இடம்பெயர்ப்பே நிற்கும், அல்லது கெஸ்ட் தெரியாத கட்டளை என்று விழும்.

கடைசியாக, 'ஹார்டுவேர் எரர்' என்ற சொல்லோடு 80000021 என்ற பதினாறடிமான எண்ணைக் கேவிஎம் காட்டினால் உடனே ரேமைக் கழற்ற வேண்டாம். முதல் இலக்கத்தின் உச்ச பிட், நுழைவே தோல்வி என்கிறது. கடைசி 21 என்பது பதின்மத்தில் 33: கெஸ்டின் நிலை செல்லாது. விஎம்சிஎஸ்ஸின் கெஸ்ட் பகுதியில் ஒன்றுக்கொன்று முரணான மதிப்புகள் இருக்கின்றன என்று பொருள். கூடவே அச்சாகும் ரெஜிஸ்டர் பட்டியலில் சிஎஸ், எஸ்எஸ், டிஆர், சிஆர்0, கொடி ரெஜிஸ்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கொடி ரெஜிஸ்டரில் பிட் 1 எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும். 64 பிட் நிலையில் டிஆர் வகை 11 ஆக இருக்க வேண்டும். பிழை ஹோஸ்ட் பகுதியில் இருந்தால் இந்த எண் வராது. நுழைவுக் கட்டளையே பிழை எண் 8 தந்து நின்றுவிடும். திரும்பும் வழியில் ஹோஸ்டின் எம்எஸ்ஆர்களை ஏற்றுவதில் தவறு நேர்ந்தால் மட்டும் எந்தச் செய்தியையும் எதிர்பார்க்க முடியாது. செயலி அந்த இடத்திலேயே முடங்கும். காரண எண் விஎம்சிஎஸ்ஸின் இரண்டாவது நான்கு பைட்டில் கிடக்கும், படிக்கத்தான் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
அமைப்பு மென்பொருள் துறை வாசகர்,
கோயம்புத்தூர்